கோட்ஸ்வில்லின் பதினான்கு பேர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் கோட்ஸ்வில் என்று ஒரு மீன்பிடி ஊர். தேசப்படத்தில் தேடினால் கிடைக்காது, காமிக்ஸுக்காக உண்டாக்கிய ஊர். குடியிருப்போர் மொத்தம் பதினான்கு பேர். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா, கடன்காரர்களா குடிகாரர்களா, ஒன்றும் நம் மனதில் நிற்பதில்லை. அந்தப் பதினான்கு பேர் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக டூம் பேட்ரோல் என்ற மாவீரர் குழுவின் நான்கு பேர் சாகிறார்கள். 1968 செப்டம்பர்-அக்டோபர் தேதியிட்ட 'டூம் பேட்ரோல்' 121ஆம் இதழில் இது நடக்கிறது. அதோடு பத்திரிகையும் நின்றுபோனது.

கொல்கிறவன் கேப்டன் ஸால், பழைய நாஜி நீர்மூழ்கிக் கப்பல்காரன். கூட்டாளி மேடம் ரூஜ். ஒரு தீவில் நால்வரையும் சிக்கவைத்துவிட்டு ஸால் ஒரு பேரம் பேசுகிறான். ஒன்று கோட்ஸ்வில்லைத் தகர்ப்பேன், இல்லையென்றால் உங்களைத் தகர்ப்பேன், எது என்று நீங்களே சொல்லுங்கள். உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. உயிர்ப்பயத்தில் இவர்கள் அந்த முகம் தெரியாதவர்களைக் கைவிடுவார்கள், மாவீரர் பட்டத்தின் சாயம் வெளுக்கும் என்பது அவன் கணக்கு. நால்வரும் எங்களையே கொல் என்கிறார்கள். தீவு வெடிக்கிறது.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். இந்த இதழ் என் கைக்கு வந்த வழி சுலபமானது. அக்கா மகன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். விடுப்பில் வந்தவன், திரும்பும்போது பெட்டியின் கனத்தைக் குறைக்க இரண்டு தடித்த புத்தகங்களை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். டிசி நிறுவனத்தின் 'ஷோகேஸ் பிரசன்ட்ஸ்' வரிசையில் வந்த டூம் பேட்ரோல் தொகுதிகள். முதலாவது 2009இலும் இரண்டாவது 2010இலும் வந்தவை. ஒவ்வொன்றும் 500 பக்கத்துக்கு மேல், விலை அப்போது 20 டாலருக்குள். மூல இதழ்களை வண்ணத்தோடு நல்ல தாளில் வாங்குவதென்றால் ஒரு தொகுதிக்கே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டியிருந்தது, அதிலும் பக்கங்கள் பாதிதான் இருந்தன. மார்வெல் 1996இல் 'எசென்ஷியல்' என்ற பெயரில் இந்த மலிவு வழியைத் திறந்தது. டிசி 2005இல் பின்தொடர்ந்தது. வண்ணத்தை எடுத்துவிட்டு, செய்தித்தாள் மாதிரியான தாளில், செங்கல் பருமனில் அடித்துக் கொடுப்பது. இரண்டு வரிசைகளும் இன்று நின்றுவிட்டன. டேப்லட் வந்தபின் யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டும். என் வயதுக்காரர்களுக்குக் கறுப்பு வெள்ளை ஒரு குறையாகவே படாது. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோது அது கறுப்பு வெள்ளைதான். பிரிட்டனில் அந்தக் கதை முதலில் வெளிவந்ததும் அப்படியே. ஆனால் அமெரிக்கக் காமிக்ஸின் சங்கதி வேறு. ஓவியர் கோடு போடும்போதே பின்னால் வண்ணம் ஏறும் என்று தெரிந்து போட்டது. அந்த வண்ணத்தை உரித்துவிட்டால் சில ஓவியர்கள் வெறுமையாக நிற்பார்கள். புரூனோ பிரேமியானி நிற்கவில்லை.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துக்காரர், 1907இல் பிறந்தவர், பாசிஸ்டுகளுக்குப் பிடிக்காதவர் ஆனதால் 1930 வாக்கில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். முழுப்பெயர் ஜியோர்டானோ புரூனோ பிரேமியானி. 1600இல் ரோமில் திருச்சபை உயிரோடு எரித்த ஜியோர்டானோ புரூனோவின் பெயர். மறைக்கல்வி வாத்தியாரான நான் இதைக் கண்டும் காணாததுபோல் போக முடியாது. குதிரைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே வரைந்தவர். எலும்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்று அறிந்த கை அது. அப்படிப்பட்டவரிடம் போய், உடம்பே இல்லாதவர்களையும் உடம்பு ஒத்துவராதவர்களையும் வரையச் சொன்னார்கள்.

லாரி டிரெய்னரைப் பாருங்கள். சோதனை விமானி. வானத்தில் மிக உயரத்தில் கதிரியக்கத்தில் மாட்டிக்கொண்டு இறங்கியவன். அவனை யாரும் நெருங்க முடியாது, அதனால் தலை முதல் கால் வரை சிறப்புக் கட்டுத்துணி. அவனுக்குள்ளிருந்து ஒரு கரிய உருவம் வெளியேறிப் பறக்கும், எதையும் ஊடுருவும். 60 விநாடிக்குள் அது திரும்பாவிட்டால் லாரி இறந்துவிடுவான். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் இது எப்படி இருக்கிறது தெரியுமா? கட்டுத்துணியின் ஒவ்வொரு சுற்றையும் பிரேமியானி மெல்லிய கோடுகளால் தனித்தனியாகப் போட்டிருக்கிறார், முழங்கையில் துணி மடிந்து தடிக்கும் இடம்கூடத் தெரிகிறது. அந்த வெள்ளைப் பொதி துவண்டு கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் உருவமோ முழு மை. முகம் இல்லை, விரல் நுனியில் விவரம் இல்லை, ஓரத்தில் ஒரு ஒளிக்கோடு மட்டும். வண்ணப் பக்கத்தில் இது இன்னொரு சாகசக் காட்சி. இங்கே, கல்லறையில் வைக்கச் சுற்றிய உடலும் அதைவிட்டுப் போகிற ஏதோவொன்றும். மலிவு மை வேறு, கட்டைவிரலில் ஒட்டிக்கொள்கிறது.

மற்ற மூவரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிஃப் ஸ்டீல், கார்ப் பந்தயக்காரன். விபத்தில் உடல் நசுங்கி, மூளையை மட்டும் எடுத்து இரும்பு உடலுக்குள் வைத்தார்கள். ரீட்டா ஃபார், சினிமா நடிகை. ஆப்பிரிக்காவில் படப்பிடிப்பின்போது ஏதோ ஆவியைச் சுவாசித்து, மலையாக வளரவும் கடுகாகச் சுருங்கவும் ஆனவள். இவர்களைச் சேர்த்தவர் நைல்ஸ் கால்டர், சக்கர நாற்காலியில் இருக்கும் மேதை, எல்லோரும் 'சீஃப்' என்றே அழைப்பார்கள். ஆர்னால்ட் டிரேக்கும் பாப் ஹேனியும் எழுத, 1963 ஜூன் தேதியிட்ட 'மை கிரேட்டஸ்ட் அட்வென்ச்சர்' 80ஆம் இதழில் தொடங்கியது. பிறகு எழுத்து டிரேக்கின் கைக்கே போனது. மூன்று மாதம் கழித்து செப்டம்பர் தேதியிட்டு மார்வெலின் எக்ஸ்-மென் வந்தது, அங்கேயும் சக்கர நாற்காலித் தலைவர், ஊர் ஒதுக்கிய சீடர்கள். யாரைப் பார்த்து யார் எழுதினார் என்ற சண்டையை ரசிகர்கள் நடத்திக்கொள்ளட்டும்.

எனக்கு வேறு கேள்வி. ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தைய வகுப்பில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "மூணாம் நாளு எந்திரிச்சிருவோம்னு இயேசுவுக்குத் தெரியும்லா சார்? தெரிஞ்சா அப்புறம் எதுக்கு அழுதாரு?"

பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது. மனித இயல்பு, இறை இயல்பு, இரண்டும் கலவாமல் பிரியாமல். அந்தப் பத்தியைச் சொன்னேன். பிள்ளை தலையை ஆட்டியது, நம்பவில்லை. தாமஸ் அக்குயினாஸ் இதைப் பிடிவாதமாகவே எதிர்கொண்டவர். பாடுகளின் உச்சத்திலும் கிறிஸ்துவின் ஆன்மா தன் உயர்ந்த பகுதியில் கடவுளை நேருக்கு நேர் கண்டு இன்புற்றது, வேதனை அந்த இன்பத்தைக் கெடுக்கவும் இல்லை, இன்பம் வேதனையைக் குறைக்கவும் இல்லை என்று எழுதினார். 13ஆம் நூற்றாண்டு அறிவின் அழகான கட்டுமானம். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது பதில் ஆகுமா? கடைசிப் பக்கத்தை முன்னமே படித்துவிட்டவர் நடுப்பக்கத்தில் அழுதால், பக்கத்தில் இருப்பவருக்கு அந்த அழுகை எந்த அளவுக்கு உண்மை?

அந்த வாரம்தான் நான் இரண்டாம் தொகுதியின் கடைசிக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

நால்வரின் சாவைத் தியாகம் என்று ஏற்பதற்குமுன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லக்கூடியதை எல்லாம் கேட்டுவிட வேண்டும். முதல் வாதம் கொஞ்சம் கொடூரமானது. இவர்களுக்கு வாழ்க்கை என்ன இனித்தா கிடந்தது? இரும்புக்குள் அடைபட்டவன், தொட முடியாதவன், நடக்க முடியாதவர். சுமையைக் கீழே போட ஒரு சாக்குக் கிடைத்தது, போட்டார்கள். முதல் தொகுதியோடு நிறுத்தியிருந்தால் நானும் இதற்கு இணங்கியிருப்பேன். அதில் கிளிஃப் அவ்வளவு கசந்து பேசுகிறான், தன் உடம்பைத் தேய்ந்த டயரைப்போல நடத்துகிறான், கை பிய்ந்தாலும் கால் உருகினாலும் சீஃப் வேறொன்று மாட்டிவிடுவார் என்கிற அலட்சியம். இரண்டாம் தொகுதியில் மெல்ல ஒரு மாற்றம் வருகிறது. ரீட்டாவுக்குக் கல்யாணம் ஆகிறது. மாப்பிள்ளை ஸ்டீவ் டேட்டன், பெரும் பணக்காரன், சற்றுத் தலைக்கனம் பிடித்தவன். பச்சைத்தோல் கொண்ட ஒரு வாயாடிப் பையனை இருவரும் தத்தெடுக்கிறார்கள். தன் சக்தியை விரும்பியபோது அடக்கிக்கொள்ளத் தெரிந்தவள் ரீட்டா, கண்ணாடி முன் நின்றால் அவள் இன்றும் நடிகைதான். அவளுக்கு இழக்க ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தத் தீவில் சாகிறவர்களில் அவளும் ஒருத்தி என்பதால் 'சுமை இறக்கம்' என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது வாதம் எண்ணிக்கை. நான்கைக் கொடுத்துப் பதினான்கை வாங்கினால் லாபம் பத்து. என் தொழிலில் இதை ஐந்து நொடியில் பதிவுசெய்துவிடலாம். யோவான் நற்செய்தியில் தலைமைக் குரு கயபாவும் இதே ஏட்டைத்தான் எழுதினார், இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவன் சாவது மேல் என்று. ஆனால் அவர் பற்று எழுதியது அடுத்தவன் கணக்கில். டிரேக் பதினான்கு என்ற எண்ணைத் தேர்ந்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பெருநகரத்தை வைத்திருந்தால் கணக்கு தானாகவே விழுந்திருக்கும், யாரும் வாய்திறக்க முடியாது. நால்வரோ உலகத்தைப் பலமுறை காப்பாற்றியவர்கள், இனியும் காப்பாற்றக்கூடியவர்கள். ஒரு நல்ல நிர்வாகி கோட்ஸ்வில்லைத்தான் விட்டுக்கொடுத்திருப்பார், பிறகு ஒரு நினைவுத்தூணும் கட்டியிருப்பார். எல்லாவற்றையும் கணக்குப் போட்டே செய்கிற சீஃப் இங்கே கணக்குப் போடவில்லை.

மூன்றாவது வாதம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. இவர்கள் திரும்பி வந்தார்கள்.

காமிக்ஸில் யார் திரும்பி வரவில்லை? 1977இல் 'ஷோகேஸ்' 94ஆம் இதழில் பால் குப்பர்பெர்க் எழுத, ஜோ ஸ்டேட்டன் வரைய, கிளிஃப் ஸ்டீல் புதிய இரும்பு உடலோடு வந்து நின்றான். லாரியும் சீஃப்பும் 1980களில் வந்தார்கள். ரீட்டா வெகுகாலம் இறந்தவளாகவே இருந்து 2000களில் வந்தாள். மருமகனிடம் தொலைபேசியில் 121ஆம் இதழைப் பற்றி நான் உருகிக்கொண்டிருந்தபோது அவன் சிரித்தான். "மாமா, அவன்தான் பிறவு வந்துட்டானே. நீங்க என்ன, ஏதோ துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரிப் பேசுதிய?"

வந்தவர்கள் சும்மாவும் வரவில்லை. 1989இல் கிராண்ட் மாரிசன் இந்தத் தொடரை எடுத்தார். அவருடைய முடிவுப் பகுதியில் சீஃப் ஓர் உண்மையைச் சொல்கிறார். கிளிஃபின் விபத்து, லாரியின் விபத்து, ரீட்டாவின் விபத்து எல்லாம் அவர் திட்டமிட்டு நடத்தியவை. பேரழிவுதான் மனிதனை மாற்றும் என்பது அவருடைய கொள்கை. சுகமாக இருந்த அற்ப மனிதர்களை நொறுக்கி, நொறுக்கலிலிருந்து பெரியவர்களை எடுத்தேன் என்கிறார். படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது, ஏனென்றால் இந்தப் பிரசங்கத்தை நான் கேட்டிருக்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் மனைவியின் சொந்தங்கள் வீட்டுத் துக்கத்துக்குக் குளச்சல் பக்கம் போயிருந்தோம். பூசையில் ஒரு சாமியார், பெயர் வேண்டாம், துன்பம் நம்மைப் புடமிடும் ஆண்டவரின் உலை என்று நல்ல குரலில் சொன்னார். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இந்தச் சிந்தனைக்கு மரியாதையான பரம்பரை உண்டு. 2ஆம் நூற்றாண்டின் இரேனியுஸ் வரை அதைக் கொண்டுபோகிறார்கள். 1966இல் ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி அதைப் பெரிய நூலாக விரித்தார், இந்த உலகம் ஆன்மா உருவாகும் பட்டறை என்று. படிக்கையில் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டறைக்காரர் முகத்தோடு, தாடியோடு, சக்கர நாற்காலியில் எதிரே வந்து உட்கார்ந்து 'உன் காரை நான்தான் கவிழ்த்தேன்' என்று சொல்லும்போது, நம்மில் எத்தனை பேர் அவருக்கு நன்றி சொல்வோம்? மாரிசன் நாத்திகர்களுக்குச் செய்த உதவியைவிட எங்களுக்குச் செய்த உதவி பெரிது. எந்தக் கடவுளை வணங்கக் கூடாது என்று காட்டிவிட்டார்.

ஆனால் என் கையில் இருக்கும் தொகுதியில் இது எதுவும் இல்லை. 121ஆம் இதழோடு புத்தகம் முடிகிறது. 1977 இல்லை, மாரிசன் இல்லை, ரீட்டாவின் மறுவருகை இல்லை. மறுபதிப்புப் போட்டவர்கள் இதை ஒரு தத்துவ முடிவாகச் செய்திருக்க மாட்டார்கள், பழைய தொடர் அங்கே நின்றது, தொகுதியும் நின்றது. ஆனாலும் படிக்கிற எனக்கு அது பெரிய உபகாரம். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப்படிகளான சினாய்ப் படியும் வத்திக்கான் படியும் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. கல்லறை காலி, வெள்ளை அங்கி போட்ட இளைஞன் சேதி சொல்கிறான், பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவர் ஒருவருக்கும் நேரில் தோன்றவில்லை. 9 முதல் 20 வரையான வசனங்கள் பின்னால் சேர்ந்தவை என்று இன்று பெரும்பாலான விவிலிய அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அவை அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன. அந்த ஓட்டத்தையும் நடுக்கத்தையும் பொறுக்க முடியாமல் யாரோ ஒருவர் கதையை நிறைவுசெய்திருக்கிறார். அவரை எனக்குப் புரிகிறது. நானும் பிள்ளைகளுக்குப் பாடம் முடிக்கும்போது அப்படித்தான் முடிக்கிறேன்.

இதே மாற்குவில் இயேசு மூன்று முறை முன்னறிவிக்கிறார், கொல்லப்படுவேன், மூன்று நாளுக்குப்பின் எழுவேன் என்று. அந்தப் பிள்ளை கேட்டது சரியாகத்தான் கேட்டது, அவருக்குத் தெரியும். அதே மாற்குவில், சில அதிகாரம் தள்ளி, ஒலிவத் தோட்டத்தில் அவர் தரையில் விழுந்து இதை என்னைவிட்டு எடுத்துவிடும் என்று கெஞ்சுகிறார். சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறுகிறார். தெரியும் என்பதும், தெரியாதவரைப்போல் கதறினார் என்பதும் ஒரே ஏட்டில், ஒன்றை ஒன்று சமாதானம் செய்யாமல் கிடக்கின்றன. லூக்காவும் யோவானும் கடைசிக் கதறலை மாற்றி அமைதியான வார்த்தைகளை வைத்தார்கள். மாற்கு வைக்கவில்லை.

இங்கே நான் என் தரப்பைச் சொல்லிவிட வேண்டும். கொடுக்கிறவன் திரும்பக் கிடைக்கும் என்று நிச்சயமாக அறிந்திருந்தால் அது கொடை ஆகாது, வைப்புநிதி. புறநானூற்றில் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாராட்டும்போது இதைத்தான் சொன்னார். இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்ததில் கிடைக்கும் என்று அறத்தை விற்று வாங்கும் வியாபாரி அல்லன் ஆய், சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான் என்று. ஆய்க்கு மறுமையில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பதில் முடமோசியார் இறங்கவே இல்லை.

உடனே எனக்கு நானே மறுப்பும் சொல்லியாக வேண்டும். மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு தாயும் ஏழு மகன்களும் அந்தியோக்கு அரசன்முன் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடவுள் எங்களை மீண்டும் எழுப்புவார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சாகிறார்கள். அவர்களை வைப்புநிதிக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. டூம் பேட்ரோல் செத்த அதே 1968இல், ஏப்ரல் 3 இரவு மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார், வாக்களித்த நாட்டுக்கு நம் மக்கள் போய்ச் சேருவார்கள், நான் உங்களோடு வராமல் போகலாம் என்கிற பொருளில். மறுநாள் சுட்டுவிட்டார்கள். இவர்களிடம் இருந்தது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு ஏமாற்றலாம், அந்த ஏமாற்றத்தின் சாத்தியத்தையும் சேர்த்தே அவர்கள் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தைப் படித்தவனுக்கு அந்தச் சாத்தியம் இல்லை. கிறிஸ்துவிடம் இருந்தது எது? அக்குயினாஸ் படித்தவர் என்கிறார். ஒலிவத் தோட்டத்து மண் வேறு சொல்கிறது. நான் திருச்சபையின் பிள்ளை, அக்குயினாஸோடு மல்லுக்கட்டும் படிப்பு எனக்குக் கிடையாது, ஆனால் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அடுத்த வாரம் நான் சொன்னது இதுதான்: "அவருக்கு அப்பா மேல நம்பிக்கை இருந்துச்சு. நம்பிக்கைதான் இருந்துச்சு." பங்குச் சாமியார் இதைக் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கோட்ஸ்வில்லுக்காகச் செத்த நால்வருக்குத் திரும்பி வருவோம் என்பது தெரியாது. வாசகனான எனக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும். அவர்கள் இதைத் தெரியாமல் செத்ததுதான் அந்தச் சாவின் முழுக்கனம், 1977 எத்தனை முறை வந்தாலும் அந்த அறியாமையை அதனால் பின்னோக்கிப் போய்த் திருத்த முடியாது. இந்த மட்டில் தெளிவாக இருக்கிறேன்.

தெளிவில்லாத இடம் ஒன்று உண்டு, அது அந்த இதழின் ஓரத்தில் இருக்கிறது. 121ஆம் இதழின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓவியர் பிரேமியானியும் ஆசிரியர் மர்ரி போல்ட்டினாஃபும் தாங்களே பாத்திரங்களாக வருகிறார்கள். படைப்பாளிகள் படைப்புக்குள் இறங்கி வந்து, வாசகனைப் பார்த்து, இவர்கள் பிழைப்பது உங்கள் கையில் என்கிறார்கள். எழுதிய டிரேக் அதில் இல்லை. சம்பளத் தகராறில் அவர் அப்போது டிசியை விட்டு மார்வெலுக்குப் போயிருந்தார், போல்ட்டினாஃபின் இடத்தில் தான் வருவதாகத்தான் முதலில் எழுதியிருந்ததாகப் பின்னாளில் சொன்னார். பத்திரிகையை மூடுவது என்பதோ ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வாசகர்கள் கடிதம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நால்வரும் செத்தவர்கள்தான். 1973இல் பழைய கதைகளையே மறுபடி அச்சடித்து மூன்று இதழ்கள் விட்டுப்பார்த்தார்கள், அதுவும் நின்றது. 12 சென்ட் கொடுத்து வாங்கிய பையன்கள் எத்தனை பேர் அந்த வேண்டுகோளை நம்பி அஞ்சல்தலை ஒட்டியிருப்பார்கள்?

அந்தத் தலைமுறைப் பையன்களில் ஒருவர்தான் பால் குப்பர்பெர்க். சிறுவயதிலிருந்தே காமிக்ஸ் பித்துப் பிடித்தவர், எழுத்தாளர் ஆகும்முன் ரசிகர் பத்திரிகை நடத்தியவர். அவர் வளர்ந்து, டிசிக்கு எழுதப் போய், கிளிஃபைக் கடலடியிலிருந்து எழுப்பினார். முடிவு உங்கள் கையில் என்று சொன்ன பொய், ஒன்பது ஆண்டு கழித்து மெய்யானது. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன் இயேசுவின் உயிர்ப்பைப் பற்றி ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார், அவர் திருச்சபையின் அறிவிப்புக்குள் உயிர்த்தார் என்று. நம்புகிறவர்கள் எழுப்பினார்கள் என்று பலரும் அதற்குப் பொருள் கொண்டார்கள். கிளிஃப் ஸ்டீலுக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. கல்லறைக்குப் பொருந்துமா? கிளிஃபை எழுப்பியவரின் பெயர், ஆண்டு, இதழ் எண், எல்லாம் எனக்குத் தெரியும். அவரை எழுப்பத் தூண்டியது ஆசை. மாற்குவின் பெண்களிடம் அன்று காலை ஆசை இருந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அவர்கள் கையில் நறுமணப் பொருள்களோடு போனார்கள், பிணத்துக்குப் பூச. எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை, ஓடியபோதும் மகிழ்ச்சியில் ஓடவில்லை. ஆசைப்பட்டு உண்டாக்கிய கதையில் இப்படி ஒரு முடிவை எந்த ரசிகரும் வைக்க மாட்டார், குப்பர்பெர்க் வைக்கவில்லை, மாற்குவுக்குப் பின்னால் வால் சேர்த்தவரும் வைக்கவில்லை. புல்ட்மனுக்கு எதிராக என்னிடம் இருக்கும் சாட்சி இந்த ஓட்டம் ஒன்றுதான். மருமகன் அடுத்த விடுப்பில் வரும்போது மாரிசன் தொகுதிகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். வண்ணத்தில் இருக்கிறதாம்.